எச்-2ஏ, எச்-2பி விசாக்கள்: தொழில் அமைப்புகள் எதற்காக இவ்வளவு மல்லுக்கட்டுகின்றன?

நெடுவயல்
அமெரிக்காவின் தற்காலிகத் தொழிலாளர் விசாக்களைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் "மலிவுக் கூலிக்காகத்தான் முதலாளிகள் ஆதரிக்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விவசாயத்துக்கான எச்-2ஏ விதிகளைப் படித்தால் அந்த வரி சரியாக உட்காரவில்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் தனி ஊதிய விகிதம், இலவசத் தங்குமிடம், வரவும் போகவும் பயணச் செலவு, ஒப்பந்தக் காலத்தில் நான்கில் மூன்று பங்கு வேலைக்கு உத்தரவாதம் எல்லாம் முதலாளி தலையில்தான். இவ்வளவு சுமை இருந்தும் வர்த்தக சபையிலிருந்து தோட்டக்கலைச் சங்கங்கள் வரை ஏன் இந்தத் திட்டங்களுக்காக வாஷிங்டனில் வரிந்துகட்டி நிற்கின்றன? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாள்பணி
நல்ல கேள்வி. செலவை முதலில் பார்த்துவிடலாம். 20 பேருக்கு எச்-2ஏ விண்ணப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறை தரும் சான்றிதழுக்கு 100 டாலர், அதோடு ஆளுக்கு 10 டாலர்: மொத்தம் 300. அடுத்து குடியேற்றத் துறையிடம் முதலாளி போடும் ஐ-129 மனு. 2024 ஏப்ரல் 1 முதல் பெயர் குறிப்பிடாத எச்-2ஏ மனுவுக்கு 530 டாலர், அதன்மேல் புகலிடத் திட்டக் கட்டணம் 600 (25 முழுநேர ஊழியர்களுக்குள் இருந்தால் 460, 300 என்று இரண்டும் குறையும்). தூதரக விசாக் கட்டணம் ஆளுக்கு 205, ஆக 4,100. கூட்டினால் 5,530 டாலர். முகவர் அல்லது வழக்கறிஞர் கட்டணம் தனி.

இன்னொரு பக்கத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. எச்-2ஏ ஊதியத்துக்குச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் கிடையாது. முதலாளியின் பங்கு 7.65 சதவீதம் மிச்சம். மணிக்கு 16 டாலர், வாரம் 40 மணி, 20 வாரம், 20 பேர் என்று போட்டால் அந்த மிச்சம் 19,584 டாலர். அரசுக் கட்டணம் முழுவதையும் விழுங்கிவிட்டு மேலே கையில் நிற்கிறது. ஆனால் தங்குமிடமும் பேருந்துச் செலவும் அதைத் திருப்பி விழுங்கிவிடும் என்பதும் உண்மை.

விவசாயம் அல்லாத தற்காலிக வேலைகளுக்கான எச்-2பிக்கு இந்த வரிவிலக்கு இல்லை. இரண்டையும் ஒரே திட்டம் மாதிரிப் பேசுகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இது.

வடகரை
தங்குமிடம் "இலவசம்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட வேண்டாம். பலருக்கு விண்ணப்பம் அங்கேதான் முட்டி நிற்கிறது. சான்றிதழ் தருவதற்கு முன் மாநில முகமை நேரில் வந்து பார்க்கும். பணியிடப் பாதுகாப்புத் துறையின் விதிப்படி தூங்கும் அறையில் ஆளுக்கு 50 சதுர அடி, கூரை 7 அடிக்குக் குறையக்கூடாது, கட்டில்களுக்கு இடையே 36 அங்குலம், பத்துப் பேருக்கு ஒரு குளியல் குழாய், பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பறை. சமையலறை தர வேண்டும், இல்லையென்றால் மூன்று வேளைச் சாப்பாடு. ஜன்னல் வலை கிழிந்திருந்தாலும் சூடான தண்ணீர் வராவிட்டாலும் மறு ஆய்வு. அறுவடைக்கு 30 நாள் இருக்கும்போது மறு ஆய்வு என்றால் அந்தப் பருவமே தள்ளாடும்.

கால அட்டவணையும் இறுக்கம். தேவைத் தேதிக்கு (ஆட்கள் வேலை தொடங்க வேண்டிய நாள்) 60 முதல் 75 நாள் முன்பு வேலை அறிவிப்பு, 45 நாளுக்குக் குறையாமல் சான்றிதழ் விண்ணப்பம். அதற்குப் பிறகும் ஒப்பந்தக் காலத்தின் பாதி தாண்டும் வரை தகுதியுள்ள உள்நாட்டு ஆள் வந்து கேட்டால் வேலை கொடுத்தாக வேண்டும்.

நெடுவயல்
அப்படியானால் ஆதரவுக்குக் காரணம் கூலி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுபக்கம்
அவசரப்படாதீர்கள். கூலியும் உண்டு, ஆனால் "மலிவு" என்பதைவிட "உயராமல் பார்த்துக்கொள்வது" என்று சொன்னால் பொருந்தும். சங்கங்கள் மேடையில் பேசுவதை ஒதுக்கிவிட்டு, சட்ட முன்வரைவில் எந்தப் பிரிவுக்காக உட்கார்ந்து சண்டை போடுகின்றன என்று பாருங்கள்.

எச்-2ஏயில் அந்தப் பிரிவு ஊதிய விகிதம்தான். 2025 தொடக்கத்தில் கலிபோர்னியாவுக்கு அது மணிக்கு 19.97 டாலர். பல ஆண்டுகளாக விவசாயத் துறையின் பண்ணைத் தொழிலாளர் கணக்கெடுப்பை வைத்து நிர்ணயித்தார்கள். 2025 அக்டோபர் 2இல் வந்த இடைக்கால விதி அதை மாற்றி, தொழில்வாரி ஊதியப் புள்ளிவிவரத்துக்குப் போனது. திறனுக்கு இரண்டு நிலை வகுத்தது. வீடு தருவதற்காக எச்-2ஏ ஆட்களின் விகிதத்தில் ஒரு கழிவும் கொண்டுவந்தது. விவசாய முதலாளிகள் சங்கங்கள் நெடுநாள் கேட்டது ஏறக்குறைய இதுதான். மலிவு இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த விதியைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

இன்னொன்று, தொழிலாளி ஒரு முதலாளியோடு கட்டுண்டிருப்பது. பிடிக்காவிட்டால் பக்கத்துப் பண்ணைக்குப் போக முடியாத ஆள் கூடுதல் கூலி கேட்கவும் மாட்டார், புகார் கொடுக்கவும் மாட்டார். அந்த நிச்சயத்துக்குத்தான் வீடும் பேருந்தும் விலை.

தாள்பணி
மறுபக்கம் சார், கட்டுண்டிருப்பது பற்றி ஒரு திருத்தம். 2024 டிசம்பரில் வெளியாகி 2025 ஜனவரி 17 முதல் அமலான எச்-2 விதிப்படி, புதிய முதலாளி மனு போட்ட உடனேயே அவரிடம் வேலையைத் தொடங்கலாம், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். வேலை போனால் 60 நாள் அவகாசமும் உண்டு. நடைமுறையில் அந்தப் புதிய முதலாளியிடமும் அதே காலத்துக்குத் தொழிலாளர் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பதால் கதவு பாதிதான் திறந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

2013இல் செனட்டில் 68-32 என்று நிறைவேறிய எஸ்.744 என்ற குடியேற்றச் சீர்திருத்த மசோதாவில் டபிள்யூ விசா என்று ஒன்று இருந்தது. அதில் தொழிலாளி பதிவுபெற்ற எந்த முதலாளியிடமும் மாறிக்கொள்ளலாம். அதை வர்த்தக சபையும் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓவும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டார்கள். ஆக, கட்டிவைப்பது இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்று எல்லாத் தொழில் அமைப்பும் சொன்னது கிடையாது.

மறுபக்கம்
அந்த உடன்பாட்டில் தொழிற்சங்கங்கள் வாங்கிக்கொண்ட விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் ஆண்டு 20,000 விசா, பிறகு 35,000, 55,000, 75,000 என்று ஏறும், உச்சம் 2 லட்சம். கட்டுமானத் துறைக்கு ஆண்டுக்கு 15,000க்கு மேல் கிடையாது. கட்டுமான ஒப்பந்தக்காரர்கள் சங்கங்கள் அதற்காகவே கடுகடுத்தன. கீழவை அந்த மசோதாவை எடுக்கவே இல்லை, அது தனிக் கதை.

எலுமிச்சை
எச்-2பி பக்கம் வாருங்கள், அங்கே சண்டை எண்ணிக்கையைப் பற்றியது. 1990 சட்டம் வைத்த வரம்பு 66,000. 2005இலிருந்து அது பாதி பாதி: அக்டோபர்-மார்ச் 33,000, ஏப்ரல்-செப்டம்பர் 33,000. புல்வெளிப் பராமரிப்பு, கடற்கரை ஹோட்டல்கள், பொழுதுபோக்குப் பூங்காக்கள், கடலுணவுப் பதப்படுத்தல் என்று எல்லாருக்கும் ஏப்ரல் 1தான் வேண்டும்.

தேவைத் தேதிக்கு 75 முதல் 90 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஏப்ரல் 1க்கு 90 நாள் முன்பு என்றால் ஜனவரி 1 (லீப் ஆண்டில் ஜனவரி 2). 2019 ஜனவரி 1 அன்று எல்லாரும் ஒரே நிமிடத்தில் நுழைந்ததில் தொழிலாளர் துறையின் கணினி அமைப்பே படுத்துவிட்டது. அதற்குப் பிறகு முதல் மூன்று நாளில் வருகிற விண்ணப்பங்களைக் குலுக்கிப் போட்டு ஏ, பி, சி என்று குழு பிரிக்கிறார்கள். ஏ குழு, வரம்பை எட்டும் அளவுக்கு. சி, டி குழுவில் விழுந்தவருக்கு விண்ணப்பத்தில் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும் ஆள் கிடைப்பது அபூர்வம்.

இதைப் புரிந்துகொண்டால் ஆதரவின் தன்மை புரியும். இந்த முதலாளி கேட்பது திட்டத்தின் நிச்சயத்தை. மார்ச் மாதம் ஒப்பந்தம் எடுத்துவிட்டு, ஆள் வருமா வராதா என்று சீட்டுக் குலுக்கலுக்குக் காத்திருந்தால் தொழில் எப்படி நடக்கும்?

நெடுவயல்
ஆண்டுதோறும் கூடுதல் விசா அறிவிக்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

எலுமிச்சை
நிதி ஒதுக்கீட்டு மசோதாவிலிருந்து. தொழில் அமைப்புகளின் உண்மையான திறமை வெளிப்படுகிற இடம் அதுதான். தனிச் சட்டம் கொண்டுவந்தால் குடியேற்ற விவாதம் முழுவதும் அதன் தலையில் ஏறி உட்காரும். அரசாங்கம் நின்றுவிடாமல் இருக்க நிறைவேற்றியே ஆக வேண்டிய மசோதாவில் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டால் யாரும் தனியாக வாக்கெடுப்புக் கேட்பதில்லை.

2017இலிருந்து அப்படி ஒரு பத்தி, உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் தொழிலாளர் செயலரோடு கலந்து கூடுதல் விசா தரலாம் என்கிறது. 2017, 2018இல் 15,000 வீதம். 2019இல் 30,000. 2020இல் 35,000 அறிவித்துக் கொரோனாவால் நிறுத்தினார்கள். 2021இல் 22,000. 2022இல் 20,000, பிறகு 35,000. 2023, 2024, 2025 நிதியாண்டுகளில் 64,716. அடிப்படை வரம்பையே ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் எண், ஒவ்வோர் ஆண்டும் ஒரு செயலரின் விருப்பத்தில் தொங்குகிறது. அந்த 64,716இல் 44,716 முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எச்-2பியில் வந்துபோனவர்களுக்கு. 20,000 குவாதமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், ஹெய்ட்டி நாட்டவருக்கு; 2024 நிதியாண்டிலிருந்து கொலம்பியா, ஈக்வடார், கோஸ்டா ரிகாவும் அதில் சேர்ந்தன.

வாங்குவதற்கு, ஆள் வராவிட்டால் சரிசெய்ய முடியாத இழப்பு வரும் என்று உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். சும்மா கையெழுத்துப் போட்டால் போதாது. முந்தைய ஆண்டு வருமானம், கைநழுவும் ஒப்பந்தங்கள், எத்தனை பேர் கேட்டு எத்தனை பேர் கிடைத்தார்கள் என்ற ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும். தணிக்கை வந்து கோப்பு காலியாக இருந்தால் விண்ணப்பத் தடை வரை போகும்.

வடகரை
பட்ஜெட் பத்தி உத்தி புதிதல்ல. மேரிலாந்தின் ஹூப்பர்ஸ் தீவில் நண்டுச் சதை பிரிக்கும் சிறு ஆலைகள் எச்-2பியை நம்பியே ஓடுகின்றன, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வரும் பெண்கள். அந்த மாநிலத்தின் அப்போதைய செனட்டர் பார்பரா மிகுல்ஸ்கி ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் முன்னெடுத்த ஏற்பாடுதான் 2005இல், திரும்பி வரும் தொழிலாளர்களை வரம்பில் சேர்க்க வேண்டாம் என்ற விலக்கைக் கொண்டுவந்தது. அதுவும் ஈராக் போர்ச் செலவுக்கான துணை நிதி மசோதாவில் ஏறிப் போனது. 2007இல் விலக்கு காலாவதியானது. 2016 நிதியாண்டுக்கு மட்டும் திரும்ப வந்தது.

கடலுணவுக்காரர்களுக்கு இன்னொரு சலுகையும் அதே வழியில்: தேவைத் தேதியிலிருந்து 120 நாள் வரை ஆட்களைத் தவணையாகக் கூட்டி வரலாம், 90 நாளுக்கு மேல் போனால் இடையில் உள்நாட்டு ஆள்தேடலை மறுபடி செய்ய வேண்டும். மீன் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், அதனால் கேட்டார்கள், கிடைத்தது. தொகுதியில் ஒரே ஒரு பெரிய தொழில் இருக்கிற உறுப்பினரின் பலம் இப்படித்தான் வேலை செய்யும். கட்சி வேறுபாடு இதில் செல்லாது.

கணக்கன்
எச்-2பி போடப் போகிறவர்களுக்கு, அடிக்கடி திரும்பி வரும் குறைபாட்டு அறிவிப்புகள் எவை என்று சொல்லிவிடுகிறேன். சங்கங்கள் "நடைமுறையை எளிதாக்கு" என்று கேட்பதன் பொருளும் அதில் விளங்கும்.

நடைமுறை ஊதியத்துக்கு (அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியம்) 9141 படிவம் முதலில். தேவைப்படும் நாளுக்கு 60 நாள் முன்பாவது போடச் சொல்கிறார்கள், ஏப்ரல் ஆட்களுக்கு ஆகஸ்ட்-செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது. வேலை விவரத்தில் ஒரு வரி கூடினால் ஊதியமே மாறும். புல்வெளிப் பராமரிப்பு என்று மட்டும் எழுதினால் 37-3011 என்ற தொழில் குறியீடு. "தேவைப்பட்டால் கனரக லாரி ஓட்ட வேண்டும்" என்று சேர்த்தால் லாரி ஓட்டுநர் குறியீட்டின் உயர்ந்த ஊதியம் வந்து உட்காரும். அனுபவம் ஆறு மாதம் வேண்டும் என்று எழுதினால், அந்த வேலைக்கு அது வழக்கமா என்று கேட்பார்கள்.

தற்காலிகத் தேவை நான்கு வகை: ஒருமுறை மட்டும், பருவகாலம், உச்சச்சுமை, விட்டுவிட்டு வருவது. அதிகம் அடிபடுவது உச்சச்சுமை. அதற்கு நிரந்தர ஊழியர்கள் இருக்கிறார்கள், குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் ஏறுகிறது என்று மாதவாரி ஊதியப் பட்டியலால் காட்ட வேண்டும். பட்டியலில் டிசம்பரிலும் ஜூலையிலும் ஒரே அளவு மணிநேரம் இருந்தால் கதை முடிந்தது. ஒருமுறைத் தேவையைத் தவிர மற்றவற்றில் ஆண்டு முழுவதற்கும் கேட்டாலும் அதே கதி. குளிர்காலத்துக்கு ஒரு விண்ணப்பம், கோடைக்கு ஒன்று என்று ஒரே ஆட்களுக்கு இரண்டு போட்டு ஆண்டு முழுவதையும் மூடப் பார்த்தால் நிரந்தரத் தேவை என்று முத்திரை விழும்.

உள்நாட்டு ஆட்களை தேவைத் தேதிக்கு 21 நாள் முன்பு வரை ஏற்க வேண்டும். நான்கில் மூன்று உத்தரவாதம் எச்-2பி விதியின் எழுத்துப்படி 12 வாரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும், 120 நாளுக்குக் குறைந்த வேலையென்றால் 6 வாரம். விசாக் கட்டணத்தை முதல் வேலை வாரத்திலேயே தொழிலாளிக்குத் திருப்பித் தர வேண்டும். இதை மறந்துபோய் மாதக் கடைசியில் தருகிறவர்கள் தொழிலாளர் துறையின் ஊதிய மணிநேரப் பிரிவு நடத்தும் ஆய்வில் மாட்டுகிறார்கள்.

எலுமிச்சை
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே நாட்டுக்குள் எச்-2பியில் இருப்பவர் முதலாளி மாறினாலோ நீட்டித்தாலோ வரம்பில் எண்ணப்படமாட்டார். அதனால்தான் பனிச்சறுக்கு விடுதிகளில் மார்ச்சில் வேலை முடிகிற ஆட்களை கோடைக்கால நிறுவனங்கள் டிசம்பரிலேயே தேடிப் பிடிக்கின்றன. மொத்தம் மூன்று ஆண்டு, பிறகு 60 நாள் வெளியே இருந்துவிட்டு வர வேண்டும் என்பதைக் கவனிக்காமல் ஆளை எடுத்தால் பாதிப் பருவத்தில் காலி.

மறுபக்கம்
எல்லா முதலாளிகளும் ஒரே குரல் என்பது போலத் தொனிக்கிறது, அதை உடைக்க வேண்டும். பால்பண்ணைகளைப் பாருங்கள். எச்-2ஏ பருவகால வேலைக்கு மட்டும். மாடு ஆண்டு முழுவதும் கறக்கும், ஆகவே அவர்களுக்கு அந்தத் திட்டத்தால் பயனில்லை. பண்ணைத் தொழிலாளர் நவீனமாக்கல் மசோதா கீழவையில் 2019இலும் 2021 மார்ச்சிலும் நிறைவேறியது. அதில் ஆண்டு முழுவதற்கான 20,000 விசா, பாதி பாலுக்கு. பால் உற்பத்தியாளர் கூட்டமைப்பு ஆதரித்தது. அமெரிக்கப் பண்ணைக் கூட்டமைப்பு ஏற்கவில்லை: எச்-2ஏ தொழிலாளி கூட்டாட்சி நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போடும் உரிமை அதில் இருந்தது, அதுதான் தொண்டையில் சிக்கியது. செனட்டில் நகரவில்லை.

2018 ஜூனில் குடியரசுக் கட்சி உறுப்பினர் குட்லாட்டின் மசோதா 193-231 என்று கீழவையில் தோற்றது. அதில் எச்-2சி என்ற புதுத் திட்டமும், எல்லா முதலாளிக்கும் கட்டாய இ-வெரிஃபையும் (ஊழியருக்கு வேலை செய்யும் உரிமை உண்டா என்று பார்க்கும் இணையச் சரிபார்ப்பு) சேர்ந்திருந்தன. எச்-2சி திட்டத்தை அவர் முன்பே தனி மசோதாவாகக் கொண்டுவந்தபோது மேற்கு மாநில விளைவிப்போர் சங்கம் எதிர்த்தது. ஏற்கெனவே வயலில் வேலை செய்யும் ஆவணமற்ற ஆட்கள் நாடு திரும்பி விசா வாங்கி வர வேண்டும் என்றால் கலிபோர்னியாவின் கீரைத் தோட்டத்துக்கு யார் வருவார்கள்? விருந்தாளித் தொழிலாளர் திட்டத்துக்கான ஆதரவு, இருக்கிற ஆட்களைக் கைவிடாதவரைக்கும்தான்.

வடகரை
அந்த மசோதாவில் ஊதியத்தில் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஊருக்குத் திரும்பினால் தரலாம் என்றும் இருந்தது. மெக்சிகோ தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்துவர 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டத்தின் தொடக்க ஆண்டுகளிலும் அதே 10 சதவீதம் பிடித்தார்கள், மெக்சிகோ வங்கிகளுக்குப் போன அந்தப் பணம் பலருக்குக் கிடைக்கவே இல்லை. அந்தத் திட்டத்தில் மொத்தம் 46 லட்சம் ஒப்பந்தங்கள் ஆயின. முடிந்தபோது கலிபோர்னியாவின் தக்காளி விவசாயிகள் பயிர் அழுகும் என்றார்கள். சில ஆண்டுகளில் பதப்படுத்தும் தக்காளி அறுவடை இயந்திரத்துக்கு மாறியது. திட்டம் இல்லாவிட்டால் தொழில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் பயிரின் பெயரைக் கேளுங்கள். தக்காளிக்கு இயந்திரம் வந்தது, ஸ்ட்ராபெரிக்கு இன்னும் கைதான்.

நெடுவயல்
உள்நாட்டு வேலை பறிபோகிறதா என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு ஏதாவது உண்டா? சங்கங்கள் தரும் எண்களை எப்படி நம்புவது?

தாள்பணி
மைக்கேல் கிளெமென்ஸ், ஈத்தன் லூயிஸ் இருவரும் எச்-2பி குலுக்கலையே சோதனைக் களமாக்கினார்கள். ஏ குழுவில் விழுந்த நிறுவனமும் பின் குழுவில் விழுந்ததும் மற்றபடி ஒரே மாதிரிதான், வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும். ஆள் கிடைத்த நிறுவனங்களின் உற்பத்தி கூடியது, அமெரிக்க ஊழியர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பது முடிவு. ஒரு நிறுவனத்துக்குள் நடப்பதைத்தான் இது அளக்கிறது. பகுதி முழுவதும் கூலி எப்படி நகர்கிறது என்பதற்கு இது பதில் ஆகாது, சங்கங்கள் அதையும் சேர்த்து மேற்கோள் காட்டுகின்றன.

மறுபக்கம்
மறுக்கவில்லை. ஆனால் எச்-2ஏயில் வரம்பே இல்லாததால் இப்படி ஒரு சோதனைக்கு இடமில்லை. அங்கே 2023 நிதியாண்டில் மட்டும் சுமார் 3,78,000 பணியிடங்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். 2005இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. இந்த வேகத்துக்கு ஆய்வாளர்கள் எண்ணிக்கை ஈடுகொடுக்கவில்லை. 2021இல் தெற்கு ஜார்ஜியாவில் 24 பேர் மீது கூட்டாட்சிக் குற்றச்சாட்டு வந்தது: எச்-2ஏயில் வந்தவர்களைக் கட்டாய வேலைக்கு உட்படுத்தியது, ஆவணங்களைப் பறித்தது, சட்டவிரோதமாகப் பணம் வாங்கியது என்று. பெரும்பாலும் இடைத்தரகு ஒப்பந்தக்காரர் மட்டத்தில்தான் இது முளைக்கிறது.

கணக்கன்
அதனால்தான் முதலாளி தானே போட்டாலும் ஊரில் ஆள் சேர்ப்பவரோடு எழுத்து ஒப்பந்தம் வைத்தே ஆக வேண்டும், தொழிலாளியிடம் எந்தக் கட்டணமும் வாங்கக்கூடாது என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. 2025 ஜனவரி விதிக்குப் பிறகு, ஆள்சேர்ப்பவர் வாங்கினார், எனக்குத் தெரியாது என்பது எளிதில் எடுபடாது. மனு மறுக்கப்படும், அடுத்த ஓராண்டு எச்-2 மனுக்களும் போகும். மெக்சிகோவின் மான்டெர்ரேயில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலின்போதே "யாருக்காவது பணம் கொடுத்தாயா" என்று கேட்பார்கள், ஒருவர் ஆமாம் என்றால் மொத்தக் குழுவும் நிற்கும். ஆள்சேர்ப்பவர் கொடுத்த ரசீதுகளை விசா நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, ஒவ்வொரு தொழிலாளியிடமும் தொலைபேசியில் தனித்தனியாக அவர் மொழியிலேயே கேட்டு, தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழுவாக உட்கார வைத்துக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.